வெளியூரிலிருந்து வீட்டுப் பெட்டகத்தைத் திறப்பது எப்படி?

வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், திருமணப் புகைப்படங்கள் எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டிக்குள் அடங்கியிருந்த காலம் உண்டு. இன்று அவற்றுள் பெரும்பகுதி எண்களாக மாறி, ஹார்டு டிஸ்க்குகளில் குடியேறிவிட்டது. மறைந்துபோன பாட்டியின் குரல்கூடப் பல வீடுகளில் ஒரு செல்பேசிப் பதிவாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதற்கெனச் சிறு பெட்டி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ‘நாஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதனை வலைச் சேமிப்புப் பெட்டகம் எனலாம். ஒன்றோ பலவோ ஹார்டு டிஸ்க்குகளும், அவற்றை நிர்வகிக்கும் சிறு கணினி ஒன்றும் இதனுள் இருக்கும். வீட்டு இணையத்தின் ரௌட்டருடன் இதை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் போதும். வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளும் கணினிகளும் இதைப் பொதுவாகப் பயன்படுத்தலாம்.

விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குத் தன் பழைய குறிப்புகள் தேவைப்படுகின்றன. வெளியூர் சென்ற தந்தைக்கு ஓர் ஆவணம் உடனே வேண்டியிருக்கிறது. ‘பெட்டகம் வீட்டில்தானே இருக்கிறது, இங்கிருந்தே திறக்க முடியாதா?’ என்ற எண்ணம் எழுவது இயல்பே. திறக்க முடியும். ஆனால், அதற்கான வழிகளுள் மிக எளிதானதே மிக ஆபத்தானது. அது ஏன், பாதுகாப்பான வழி எது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

2021 ஜூனில் நடந்தது என்ன?

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் ‘மை புக் லைவ்’ என்ற வீட்டுப் பெட்டகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2015-க்குப் பிறகு அதன் மென்பொருளுக்குப் புதுப்பிப்புகள் வரவில்லை. பெட்டகங்கள் மட்டும் பல வீடுகளில் தொடர்ந்து உழைத்துக்கொண்டிருந்தன. 2021 ஜூன் மாதம் 23, 24 தேதிகளை ஒட்டி அவற்றின் உரிமையாளர்கள் பலருக்குப் பேரதிர்ச்சி காத்திருந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த கோப்புகள் ஒன்றும் இல்லை. கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோலப் பெட்டகம் வெறுமையாக இருந்தது.

நடந்தது இதுதான். பெட்டகத்தை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் கட்டளை ஒன்று அதன் மென்பொருளில் உண்டு. கட்டளையிடுபவர் உரிமையாளர்தானா என்று சோதிக்க வேண்டிய வரிகள் அதில் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. ஆகவே, இணையத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கடவுச்சொல் தெரியாமலே அக்கட்டளையை அனுப்ப முடிந்தது. இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடிய நிலையில் இருந்த பெட்டகங்களே தாக்கப்பட்டன என்று நிறுவனம் அறிவித்தது. பின்னர், இழந்த கோப்புகளை மீட்டெடுக்க உதவவும் அது முன்வந்தது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அந்த உரிமையாளர்களுள் மிகக் கடினமான கடவுச்சொல் வைத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். கடவுச்சொல்லையே கேட்காத கதவின் முன் அதனால் என்ன பயன்?

அடுத்த ஆண்டு, 2022 ஜனவரியில், தைவான் நாட்டின் க்யூநாப் நிறுவனப் பெட்டகங்களை ‘டெட்போல்ட்’ என்ற தீய மென்பொருள் தாக்கியது. அது கோப்புகளை அழிக்கவில்லை. அவற்றை மறைமொழியாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்காக ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் பிணைத்தொகை கேட்டது. நெதர்லாந்து காவல்துறை 2022 அக்டோபரில் இக்கும்பலை அதன் வழியிலேயே ஏமாற்றியது. தொகையைச் செலுத்தித் திறவுகோலைப் பெற்றவுடன், பணம் முறைப்படி போய்ச் சேர்வதற்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இவ்வாறு 150-க்கும் மேற்பட்ட திறவுகோல்கள் கிடைத்தன. எனினும், இத்தகைய நல்வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை.

உள் எண்ணும் வெளி எண்ணும்

இத்தாக்குதல்கள் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை அறிய, வீட்டு ரௌட்டரின் வேலையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இணையத்தில் உள்ள ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு. 1981-இல் வகுக்கப்பட்டு இன்றும் பெருவழக்கில் உள்ள முறைப்படி மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகளே இருக்க முடியும். உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் இவை போதா. எனவே 1996-இல் சில எண்களைத் தனியார் வலைகளுக்கென ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் அவற்றுள் ஒரு பகுதி. உங்கள் பெட்டகத்தின் முகவரியும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அது உங்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியில் அதற்குப் பொருள் இல்லை.

இதை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புடன் ஒப்பிடலாம். வெளியுலகுக்குத் தெரிந்தது கட்டடத்தின் முகவரி மட்டுமே. வாயிலில் ஒரு காவலாளி இருக்கிறார். உள்ளே இருப்பவர் யாருக்கேனும் கடிதம் எழுதினால், அதைக் காவலாளி தம் ஏட்டில் குறித்துக்கொள்கிறார். அதற்குப் பதில் வந்தால் உரியவரிடம் சேர்க்கிறார். யாரும் கேட்காமல் வரும் அந்நியரை உள்ளே விடுவதில்லை. ரௌட்டர் செய்யும் வேலையும் இதுவே.

வாயிலைத் திறந்துவிட்டால்

இப்போது வெளியூரில் இருக்கும் நீங்களும் அந்தக் காவலாளிக்கு அந்நியர்தான். உங்களை எப்படி உள்ளே விடுவது?

எளிதான வழி ஒன்று உண்டு. ஒவ்வோர் இணைய முகவரிக்கும் 0 முதல் 65,535 வரை ‘போர்ட்’ எனப்படும் வாயில் எண்கள் இருக்கின்றன. ‘இந்த எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் நேராகப் பெட்டகத்திடம் அனுப்பிவிடு’ என்று ரௌட்டருக்குச் சொல்லிவிடலாம். இதற்கு ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்று பெயர். சில வீடுகளில் உரிமையாளர் அறியாமலே இது நடந்துவிடுகிறது. ‘யு.பி.என்.பி.’ என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், பெட்டகமே ரௌட்டரிடம் சொல்லித் தனக்கு வாயில் திறந்துகொள்ளும்.

திறந்த கணத்திலிருந்து அந்த வாயில் உங்களுக்கு மட்டும் உரியதன்று. உலகம் முழுவதுக்கும் உரியது. ‘நம் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப்போகிறது?’ என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ‘ஸீமேப்’ என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நல்ல வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியைக் கொண்டு, மேலே சொன்ன முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட வாயில் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடங்களுக்குள் அதனால் தட்டிப் பார்க்க முடிந்தது. ஆகவே, உங்களைத் தேடி எவரும் வர வேண்டியதில்லை. எல்லாக் கதவுகளையும் தட்டிச் செல்பவரின் பட்டியலில் உங்கள் கதவும் தானாக இடம்பெற்றுவிடும்.

பெட்டகத்தின் மென்பொருளில் பிழையே இல்லாதவரை இதனால் தீங்கில்லை. ஆனால் பல லட்சம் வரிகள் கொண்ட மென்பொருளில் பிழையே இல்லை என்று எவராலும் உறுதி கூற முடியாது.

பெட்டகம் வெளியே வர வேண்டாம். நீங்கள் உள்ளே போங்கள்

சிக்கலைத் தலைகீழாகப் பார்த்தால் தீர்வு கிடைக்கிறது. பெட்டகத்தைத் தெருவில் வைத்து அதற்குப் பூட்டுப் போடுவதற்குப் பதிலாக, வெளியூரில் இருக்கும் உங்கள் செல்பேசியை வீட்டுக்குள் இருப்பதுபோல ஆக்கிவிட்டால் என்ன? இதைத்தான் ‘வி.பி.என்.’ என்ற முறை செய்கிறது. உங்கள் செல்பேசிக்கும் வீட்டுக்கும் இடையே, இணையத்தின் ஊடாகவே, மறைமொழியால் ஆன ஒரு சுரங்கப்பாதை அமைகிறது. இடையில் ஒட்டுக்கேட்பவருக்குப் பொருளற்ற எண்கள் மட்டுமே கிடைக்கும். (விளம்பரங்களில் காணும் வி.பி.என். சேவைகள் வேறு. அவை உங்களை அந்த நிறுவனத்தின் கணினிக்கு அழைத்துச் செல்பவை. நாம் பேசுவது உங்கள் வீட்டுக்கே செல்லும் பாதை.)

இவ்வகையில் இன்று பரவலாகப் பயன்படும் மென்பொருள் ‘வயர்கார்டு’. இதை உருவாக்கியவர் ஜேசன் டோனன்ஃபெல்டு. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பில் இது இடம்பெற்றது. இதன் சிறப்புகள் இரண்டு. முதலாவது, அதன் மையப்பகுதி ஏறக்குறைய 4,000 வரிகளே கொண்டது. ஆகவே, அறிஞர்கள் முழுவதையும் படித்துச் சோதிக்க முடிகிறது. இரண்டாவது, அது பேசா மடந்தை. சரியான சாவி இல்லாத ஒருவர் எத்தனை முறை தட்டினாலும் ‘யார் நீ?’ என்றுகூடக் கேட்காது. கதவு இருக்கிறதா, வெறும் சுவரா என்பதே தட்டுபவருக்குத் தெரியாது. ஊரெல்லாம் தட்டிச் செல்லும் ஸீமேப் போன்றவற்றின் கண்ணுக்கு அது படுவதில்லை.

சாவியை அனுப்பாமலே பொது இரகசியம்

இங்கு ஓர் ஐயம் எழலாம். மறைமொழியில் பேசுவதற்கு இருபுறமும் ஒரே இரகசிய எண் வேண்டும். அதை இணையம் வழியாக அனுப்பினால் ஒட்டுக்கேட்பவருக்கும் தெரிந்துவிடாதா?

விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற அமெரிக்கர் இருவர் 1976-இல் இதற்கு ஒரு வியத்தகு விடையை வெளியிட்டார்கள். சிறிய எண்களைக் கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

2, 19 என்ற இரு எண்களை எல்லோரும் அறிவார்கள் என வைத்துக்கொள்வோம். செல்பேசி தன் மனத்துக்குள் 5 என்ற எண்ணை வைத்துக்கொள்கிறது. 2-ஐ ஐந்து முறை பெருக்கினால் 32. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 13. இந்த 13-ஐ மட்டும் வெளிப்படையாக அனுப்புகிறது. வீடு தன் மனத்துக்குள் 6-ஐ வைத்துக்கொள்கிறது. 2-ஐ ஆறு முறை பெருக்கினால் 64. 19-ஆல் வகுக்க மீதி 7. அது 7-ஐ அனுப்புகிறது.

இப்போது செல்பேசி, தனக்கு வந்த 7-ஐத் தன் இரகசிய எண்ணின்படி ஐந்து முறை பெருக்குகிறது: 16,807. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 11. வீடு, தனக்கு வந்த 13-ஐ ஆறு முறை பெருக்குகிறது: 48,26,809. 19-ஆல் வகுத்தால் மீதி அதே 11! இருவருக்கும் ஒரே எண் கிடைத்துவிட்டது. ஆனால் 11 என்பது ஒருமுறைகூட வெளியில் செல்லவில்லை. ஒட்டுக்கேட்டவருக்குத் தெரிந்தவை 2, 19, 13, 7 ஆகியவை மட்டுமே.

எண்கள் இவ்வளவு சிறியனவாக இருந்தால் முயன்று பார்த்தே இரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வயர்கார்டு பயன்படுத்தும் எண்கள் 77 இலக்கங்கள் வரை நீள்பவை; கணக்கிடும் முறையும் இதைவிடக் கடினமானது. ஆனால் அடிப்படைக் கருத்து இதுவே. மனத்துக்குள் இருக்கும் எண்ணைத் தனிச்சாவி என்றும், வெளியில் சொல்லும் எண்ணைப் பொதுச்சாவி என்றும் அழைக்கிறார்கள்.

அமைக்கும் முறை

முதலில் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் பெட்டகத்தின் பெயரில் உள்ளவற்றையெல்லாம் நீக்குங்கள். யு.பி.என்.பி. வசதியை நிறுத்துங்கள். ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் பழையபடியே இருந்தால் மாற்றுங்கள். பெட்டகம், ரௌட்டர் ஆகிய இரண்டின் மென்பொருளையும் புதுப்பியுங்கள்.

அடுத்து, சுரங்கத்தின் வீட்டு முனையை அமைக்க வேண்டும். சில ரௌட்டர்களிலேயே வயர்கார்டு உண்டு, அதுவே சிறந்தது. இல்லையேல் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி ஒன்று போதும். இந்த முனைக்கு மட்டும் ரௌட்டரில் ஒரு வாயிலைத் திறந்துவிடுங்கள். வழக்கமாக 51820 என்ற எண் பயன்படுகிறது.

பிறகு, ஒவ்வொரு செல்பேசிக்கும் கணினிக்கும் தனித்தனியே சாவி இணை உருவாக்குங்கள். வீட்டு முனையின் பட்டியலில் அவற்றின் பொதுச்சாவிகளைச் சேருங்கள். ஒரே சாவியை எல்லாக் கருவிகளுக்கும் கொடுப்பது தவறு. நாளை ஒரு செல்பேசி தொலைந்துபோனால், அதன் பொதுச்சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். அந்த வழி அடைபட்டுவிடும், மற்றவை வழக்கம்போல இயங்கும்.

வீட்டு இணையத்தின் வெளி முகவரி அவ்வப்போது மாறக்கூடும். மாறும்போதெல்லாம் அதை ஒரு நிலையான பெயரோடு இணைத்து வைக்கும் ‘டைனமிக் டி.என்.எஸ்.’ என்ற சேவையைப் பயன்படுத்தலாம். பல ரௌட்டர்களில் இதற்கான வசதி உள்ளது.

சிறிய ஆனால் பலரைத் திணறடிக்கும் ஒரு செய்தி: உங்கள் வீட்டில் 192.168.1 என்று தொடங்கும் உள் எண்கள் இருந்து, விடுதியிலும் அதே எண்கள் இருந்தால், செல்பேசி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குழம்பும். வீட்டு எண்ணை 192.168.73 என்பதுபோல வழக்கில் இல்லாத ஒன்றாக முன்பே மாற்றிவிடுவது நல்லது.

வெளி முகவரியே இல்லாத வீடுகள்

எல்லாம் சரியாகச் செய்தும் வெளியிலிருந்து இணைப்புக் கிடைக்கவில்லையா? உங்களுக்கெனத் தனி வெளி முகவரி இல்லாமல் இருக்கலாம். உலகின் பொது இருப்பிலிருந்த முகவரிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் தீர்ந்துபோயின. அதனால் பல இணைய நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து அளிக்கின்றன. ரௌட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றால் தொடங்கினால் உங்கள் நிலை இதுவே. நம் காவலாளிக்கு வெளியே இன்னொரு காவலாளி இருக்கிறார். அவர் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்.

அப்போது இரண்டு வழிகள் உண்டு. இணைய நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தித் தனி முகவரி கேட்கலாம். அல்லது, ‘டெயில்ஸ்கேல்’ போன்ற இடைத்தரகுச் சேவையைப் பயன்படுத்தலாம். இதில் வீடும் செல்பேசியும் தாமே வெளியே சென்று ஒரு பொது இடத்தில் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. எனவே வீட்டில் எந்த வாயிலையும் திறக்க வேண்டியதில்லை. பேச்சு வயர்கார்டு முறையிலேயே மறைக்கப்படுகிறது. தனிச்சாவிகள் உங்கள் கருவிகளை விட்டு வெளியேறுவதில்லை. ஆனால் அச்சேவையில் உள்ள உங்கள் கணக்கே இப்போது தலைவாசல் ஆகிவிடுகிறது. ஆகவே, கடவுச்சொல்லோடு, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணையும் கேட்குமாறு அதை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு சோதனைகள்

அமைத்து முடித்தபின் செல்பேசியின் வைஃபையை நிறுத்திவிட்டு, செல்பேசியின் சொந்த இணையத்தைப் பயன்படுத்துங்கள். சுரங்கத்தை இயக்கிப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள், திறக்க வேண்டும். பின்பு சுரங்கத்தை நிறுத்திவிட்டு, வீட்டின் வெளி முகவரி வழியாகப் பெட்டகத்தைத் திறக்க முயலுங்கள், திறக்கக் கூடாது. பெரும்பாலோர் முதல் சோதனையோடு மகிழ்ந்து நின்றுவிடுகிறார்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டாவது சோதனையே முக்கியமானது.

சுரங்கம் காக்காதவை

சுரங்கம் அந்நியரைத் தடுக்கும். உங்கள் கணினியில் ஏற்கெனவே புகுந்துவிட்ட தீய மென்பொருளைத் தடுக்காது. அது உங்கள் தோளேறி உங்களுடனேயே வீட்டுக்குள் வரும். எனவே, அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். வெளியூரிலிருந்து படிக்க மட்டுமே தேவையானால், படிக்கும் உரிமை மட்டும் உள்ள கணக்கைப் பயன்படுத்துங்கள்.

பெட்டகத்தில் இரண்டு டிஸ்க்குகள் ஒரே செய்தியைத் தாங்கியிருப்பது காப்புப்படி ஆகாது. ஒரு டிஸ்க் பழுதடைந்தால் அது உதவும். ஆனால் ‘அழி’ என்ற கட்டளை வந்தால் இரண்டும் ஒன்றாகவே அழியும். முக்கியக் கோப்புகளுக்கு மூன்று படிகள் வேண்டும்; அவை இரு வேறு சாதனங்களில் இருக்க வேண்டும்; ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இதனை 3-2-1 விதி என்பார்கள். மாதம் ஒருமுறை படியெடுத்தபின் கம்பியைக் கழற்றி, உறவினர் வீட்டு அலமாரியில் வைக்கப்படும் ஒரு ஹார்டு டிஸ்க்கை இணையத்தில் உள்ள எந்தத் திருடனாலும் தொட முடியாது. 2021 ஜூனில் அத்தகைய ஒரு படி வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு நாள் எரிச்சல். வைக்காதவர்கள் பலருக்கு அது பல ஆண்டு நினைவுகளின் இழப்பு.

இவையனைத்தையும் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இத்தகைய பெட்டகம் இருக்குமானால், ரௌட்டரில் எந்தெந்த வாயில்கள் திறந்திருக்கின்றன என்பதை இன்று மாலையே பாருங்கள். ஐந்து நிமிடப் பணிதான். தேவையற்ற வாயிலை அடைத்துவிட்டால், சுரங்கத்தைப் பொறுமையாக அமைத்துக்கொள்ளலாம். அதுவரை மகளின் குறிப்பு வர ஒரு நாள் தாமதமாகலாம். பாட்டியின் குரல் பத்திரமாக இருக்கும்.